சுமைகூலி

லொறி தராசு மேடையில் ஏறிப் பெருமூச்சு விடுகிறது.
முப்பத்தெட்டுத் தொன்.
றெஜான் இயந்திரத்தை நிறுத்தமாட்டார், குளிர்.
நான் வாளியோடு இறங்குவேன்.

ஒரு வாளி மரச்சீவல்.
இரவு முழுக்க அவனில் வைத்து
விடிய மறுபடி நிறுத்தால்
சரிபாதி காணாமற் போயிருக்கும்.

ஹேர்ஸ்ற்றுக்கு வடக்கே
சேற்றில் கால் புதைத்த ஸ்புரூஸ்
எண்பது வருடமாய்க் குடித்த தண்ணீர்.
அதற்கும் சேர்த்துத்தான் டீசல் எரிக்கிறோம்.
சுண்டைக்காய் கால் பணம்;
மிச்சம் முக்காலை
என் கணக்கு ஏடு சொல்லும்.

கந்தோர்ச் சுவரில் ஒரு வரைபடம்.
ஆலையில் கவராயத்தை ஊன்றி
நான் போட்ட வட்டம்: தொண்ணூற்று நாலு கிலோமீற்றர்.
உள்ளே நிற்பது எரிபொருள்.
வெளியே நிற்பது குப்பை.

மாசியில் டீசல் பதினொரு சதம் ஏறியது.
மின்சாரத்தின் விலையோ
ஒப்பந்தத்தில் உறைந்து கிடந்தது.
அழிரப்பரால் தேய்த்தேன்.
எண்பத்தொன்று.
தாளில் இருந்து ஊதித் தள்ளிய தூசுக்குள்
பதின்மூன்று கிலோமீற்றர் காடு,
எண்பத்தெட்டில் றெஜானின் வெட்டுநிலம்,
அவருடைய சீவல் யந்திரத்துக்கு
இன்னும் நாலு வருடக் கடன்.

"அங்கேயும் மரம் சூடாய்த்தானே எரியும்?" என்றார்.
ஓம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

கார்த்திகை, முதல் பனி விழுந்த ஞாயிறு
பிளாஸ்க்கில் தேநீரோடு போனேன்.
தெருவோரம் மூன்று மாடி உயரத்துக்கு
கிளையும் நுனியும் கோணல் மரமுமாய்
குவிந்ததெல்லாம் எரிகிறது.
காட்டுத்தீ வராமலிருக்கக் கொளுத்தியே ஆகவேண்டுமாம்.
டோர்ச்சோடு நின்றவர் றெஜான்.
குவியலுக்கு இவ்வளவு என்று பேச்சு.
கொண்டுவந்தால் நட்டம்,
கொளுத்தினால் கூலி.

நூற்று நாற்பது தொன் இருக்கும்.
பாதி தண்ணீர் என்று கழித்து
மனக்கணக்கு போட்டேன்:
எட்டு வீட்டுக்கு ஒரு வருட வெளிச்சம்.
பனி உருகி எங்கள் சப்பாத்தைச் சுற்றி ஓடியது.
கையுறையைக் கழற்றி நானும் குளிர்காய்ந்தேன்,
பொய் சொல்லவில்லை,
சுகமாய்த்தான் இருந்தது.

பழக்கதோஷம்.
தீ எட்டாத ஓரத்தில் நாலு கிளை முறித்து
பையில் போட்டு வந்தேன்.

திங்கள் காலை அவன் திறந்தால்
இருபத்தெட்டு வீதம்.
திரும்ப நிறுத்தேன். இருபத்தெட்டு.
இரண்டு கோடை
எவரும் தொடாமல் வெயிலில் கிடந்த விறகு
தன் தண்ணீரைத் தானே இறக்கிவைத்திருக்கிறது,
லொறி இல்லாமல், டீசல் இல்லாமல்.
எட்டு வீடு இல்லை, பன்னிரண்டு.
கவராயத்தை விரித்தேன்.
எண்பத்தெட்டைத் தாண்டி
நூறையும் தாண்டிப் போய் நின்றது பென்சில்.

றெஜானுக்கு எடுத்தேன்.
இன்னும் எத்தனை குவியல்?

"நாலு. இண்டைக்குக் காற்று இல்லை,
நல்ல நாள், பின்னேரத்துக்குள் முடிச்சிடுவன்."

நிறுத்துங்கோ என்றேன்.

கொஞ்ச நேரம் தீயின் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு கேட்டார்:
"நிறுத்துறதுக்கு ஆர் கூலி தாறது?"