முப்பத்தெட்டாவது பெயர்

தேர்வுப் பட்டியலில் முதல் பெயர் ரெக்ஸ்லின்.
நேற்று ஏழு பந்து தவறவிட்டான்.
"பழகட்டும்" என்றார் கோச்.

முப்பத்தெட்டாவது நான்.
தலைஞாயிறு, கடைமடை.
மூன்றாம் கால்பகுதியில் இரண்டு நிமிடம்
முறைவைத்துத் திறந்துவிட்டார்கள்.
ஒரே ஒரு பந்து
வளையத்தில் பட்டுத் தெறித்தது.
மதகை அடைத்தாச்சு.
துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சு.

ராத்திரி அப்பா போன்:
மேட்டூர் திறந்து பதினெட்டு நாளாம்,
வாய்க்காலில் இன்னும் நண்டு வளைதானாம்.
"புழுதியிலயே விதைச்சுட்டேன்."
ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

விடியுமுன் நாலரைக்கு
கும்பகோணம் அரங்கத்துக்குப் போனால்
உள்ளே ஏற்கெனவே விளக்கு.
ரெக்ஸ்லின், அவனுக்கென்று ஒரு கோச்,
பந்து பொறுக்க இரண்டு பேர்.

வெளியே
சைக்கிள் நிறுத்துமிடத்தையொட்டி
சிமெண்டுத் தரை,
வலையில்லாத வளையம் ஒன்று.
பந்து ஈரமாக இருந்தது.
சட்டையில் துடைத்தேன்.