ஒரு கையுறை இருட்டு

ஜூனில் எங்கள் ஊரில் இரவு வருவதில்லை.
வருவதுபோல் வாசல்வரை வந்து
எதையோ மறந்ததுபோல் திரும்பிவிடும்.
கெமி ஆற்றின் முகத்துவாரம் விடிய விடிய
பால்நிறத்தில் விழித்துக் கிடக்கும்.

ஏப்ரலில், கூரைப் பனி சொட்டத் தொடங்கியபோது,
கோழிக்கூட்டுக்கு ஒரு தானியங்கிக் கதவு வாங்கினேன்.
நூற்று நாற்பது யூரோ.
வெளிச்சம் பட்டால் மேலேறும், இருட்டினால் இறங்கும்.
அட்டைப்பெட்டியில் சிரித்த பெண்ணின் ஊரில்
ஒழுங்காக இருட்டும் போலிருக்கிறது.

கோழிகள் எட்டரைக்கே பரணேறிவிட்டன.
கோழிக்குத் தெரியும் நேரம்.
கதவு இருட்டுக்காகக் காத்திருந்தது.
நரியும் காத்திருந்தது,
நான் காகித ஆலைக்கு
இரவு ஷிப்ட் கிளம்புவதற்காக.

காலை ஆறு இருபதுக்கு சைக்கிளைச் சாய்க்கும்போது
முற்றமெங்கும் இறகு,
யாரோ தலையணையைக் கிழித்து உதறியதுபோல.
பதினொன்றில் ஒன்பது.
இரண்டைத் தூக்கிப் போயிருந்தது.
ஏழு கூட்டுக்குள்ளேயே கிடந்தன,
கழுத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம்.
முட்டைப்பெட்டிக்குப் பின்னால்
கொண்டை கிழிந்தவளும் கறுப்பியும்
மூச்சுவிடாமல் நின்றார்கள்.

தின்னாமல் கொன்றிருக்கிறதே, என்ன வெறி, என்றேன்.
ஒய்வா குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான்.
"வெறியா? நீ வராமல் இருந்திருந்தால்
ஏழையும் எடுத்துப்போய்ப் பாசிக்கடியில் புதைத்திருக்கும்.
உன் வீட்டில் ஃப்ரீசர் இல்லையா?"

இருக்கிறது.
அடித்தட்டில் போன வருடத்து மான்கறி,
தேதி எழுதி.

குட்டி வளர்க்கும் தாயைச் சுட முடியாது, சட்டம்.
அதனால் கம்பிவலையை முழங்கை ஆழம் புதைத்தோம்.
மண்ணைவிடக் கல்லே அதிகம் வந்தது.
ரேடியோவை இரவெல்லாம் பேசவிட்டேன்.
ஒய்வா பீர் குடித்துவிட்டு
வேலியைச் சுற்றிலும் தன் எல்லையைக் குறித்தான்,
மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு.
மறுநாள் அதே இடத்தில்
நரி தன் பதிலை வைத்துவிட்டுப் போயிருந்தது.

ஒரு நாள் விடுப்பு எடுத்து
சவுனாப் படிக்கட்டில் காபியோடு உட்கார்ந்தேன்.
இரண்டு மணி வெயிலில் வந்தது.
இவ்வளவு சின்னதா?
குளிர்காலத்து ரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்து,
வாலில் பாதி வெறும் எலும்பு,
அடிவயிறு பால் கட்டித் தொங்க.
என்னைப் பார்த்தது. கதவைப் பார்த்தது.
என் இடப்பக்கமாக நடந்து போனது.
வலப்பக்கம் போயிருந்தாலும்
கணக்கு ஒன்பதுதான்.

அன்றுதான் தோன்றியது.
கதவின் கண்ணுக்குமேல் என் கறுப்புக் கம்பளிக் கையுறையை
மாட்டிவிட்டேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு முனகிக்கொண்டே இறங்கியது.
உலகம் முழுக்க வெளிச்சம்,
அதற்கு மட்டும் ஒரு கையுறை அளவு இரவு.

தினமும் ஒன்பதுக்கு மாட்டுவதும்
காலையில் கழற்றுவதுமாகப் பதினேழு நாள்.
ஷிப்ட் இருக்கும் நாளில் ஒய்வா வந்து மாட்டுவான்.

பதினெட்டாம் நாள் திரும்பியபோது
கதவு திறந்திருந்தது.
கையுறை இல்லை.
கால் நடுங்கியது, சைக்கிள் விழுந்தது.
கொண்டை கிழிந்தவளும் கறுப்பியும்
வேலியோரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்,
விடிந்துவிட்டது என்று கதவு சொன்னதை நம்பி.
ஈர மண்ணில் நரித்தடம்:
வந்தது நேராக, போனது நேராக.
கூட்டுப்பக்கம் திரும்பவே இல்லை.

கோழியை விட்டுவிட்டுக் கையுறையை ஏன்?
ஒய்வாவுக்கும் தெரியவில்லை.
தகர மூடி ஒன்றைத் திருகாணி போட்டு முடுக்கினோம்.

ஆகஸ்டில் அவுரிநெல்லி பறிக்கப் போனபோது
பைன் வேரடியில், காலியான வளையின் வாயில் கிடந்தது.
பக்கத்தில் ஒரு குழந்தைச் செருப்பு, யாருடையதோ,
பிய்ந்த பந்து ஒன்று.
கையுறையில் கட்டைவிரலை மட்டும்
சின்னப் பற்கள் நன்றாகச் சவைத்திருந்தன.
துவைத்துக் காயப்போட்டேன்.

இப்போது செப்டம்பர். புதிதாக ஆறு குஞ்சுகள்.
இரவு தானாகவே வருகிறது,
கதவு தானாகவே இறங்குகிறது.
ஆனாலும் எட்டரைக்கு எழுந்து போய்
ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்,
கட்டைவிரல் இல்லாத கையுறையோடு.