ஆனால் விழுந்த இரவு

கிரிம்ஸ்பியின் காலைப் பத்திரிகைக்குத்
தலையங்கம் எழுதுகிறவர் கிளெமென்ட் ஸ்டானர்ட்.
அவர் நடந்துகொண்டே சொல்வார்,
பெரில் ஹோதம் உட்கார்ந்தபடி தட்டச்சு அடிப்பாள்.
பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

எதிராளிக்கு விட்டுக்கொடுக்கும் இடம் வந்தால்
ஜன்னலருகே போய் நிற்பார்.
குரல் மெத்தென்று ஆகிவிடும்.
"டு பி ஷ்யூர்" என்பார்,
நிச்சயமில்லாத எதையோ
நிச்சயமே வா என்று கைதட்டி அழைப்பதுபோல.
"நோ டவுட்" என்பார்.
சந்தேகம் இல்லாத வீட்டில்
சந்தேகத்தின் பேரை ஏன் எடுக்க வேண்டும்
என்று பெரிலுக்குத் தோன்றும். கேட்டதில்லை.
"கிராண்டட்" என்றால் அவர் ராஜா.
நாலு காணியை மானியமாக எழுதிக் கொடுத்துவிட்டு
அடுத்த வரியிலேயே
வேலியைப் பிடுங்கித் தன் பக்கம் நட்டுக்கொள்கிற ராஜா.

"வித் ரெஸ்பெக்ட்" மட்டும் வேறு ரகம்.
அது வந்தால் பெரில்
நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வாள்,
மேலே தெறிக்கும் என்று.

எல்லாவற்றுக்கும் பின்னால்
பட்டென்று ஒரு "பட்".
ஆட்டுக்குக் குழை காட்டுவதெல்லாம்
அது வரும்வரைதான்.

பிப்ரவரியில்
மூன்றாம் நம்பர் துறையை மூடுவது பற்றி எழுதினார்.
மூடலாம் என்பது அவர் கட்சி.
"டு பி ஷ்யூர், இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு
இது கொடிய குளிர்காலம்.
வலை பின்னிய கைகளுக்கு இந்த ஊர் கடன்பட்டது.
அந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியாது.
பட்"
என்று தொடங்கி ஆறு வரி.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று
பெரிலின் அண்ணன் குடும்பம்.
ஸ்டானர்ட்டுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால்
இன்னொரு "டு பி ஷ்யூர்" சேர்த்திருப்பார்.
நல்ல மனிதர்தான்.
(பார்த்தீர்களா, எனக்கும் ஒரு "தான்" வந்துவிட்டது.)

இரவு பதினொன்றரைக்கு
மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தது.
இடம் போதவில்லை.
அச்சுக்கோக்கும் நெட் டக்ஸ்வர்த்
எப்போதும்போல அடியிலிருந்து வெட்டினான்.
ஆறு வரி ஈயம் வாளியில் விழுந்த சத்தம்
மாடிவரை கேட்டிருக்க முடியாது.
கேட்டதாகப் பெரில் பிற்பாடு சொல்லிக்கொண்டாள்.

காலையில் ஊர் படித்தது:
அந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியாது.
முற்றுப்புள்ளி.
அதன்கீழ் மெத்தை, பாதி விலை.

மீன் ஏலக் கூடத்தில் யாரோ அதைக் கத்தரித்து
தராசுக்கு மேலே ஒட்டினார்கள்.
நாற்பத்தோரு கடிதம் வந்தது.
ஒரு கிழவர், தொப்பியைக் கழற்றாமல்,
ஹாடக் மீன் இரண்டை அதே தாளில் சுற்றி
மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஸ்டானர்ட் மீனைப் பார்த்தார். ஜன்னலருகே போனார்.
திருத்தம் ஒன்று போட வேண்டும் என்றார்.
பெரில் விசைகளின்மேல் விரல் வைத்துக் காத்திருந்தாள்.
"டு பி ஷ்யூர்..."
அப்புறம் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கணப்படுப்புப் பக்கமிருந்த மீன் மணக்கத் தொடங்கியது.
"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

திருத்தம் வரவில்லை.
துறையை மே மாதம் மூடினார்கள்.

அந்த வாரம் ஒரு ராத்திரி
பெரில் தன் அக்காள் ஈனிடுக்கு எழுதினாள்:
"அம்மாவைக் கடைசிவரை நீ பார்த்துக்கொண்டாய்.
நான் வந்தது மூன்று முறை."
அங்கேயே நிறுத்தி, கையெழுத்தும் போட்டாள்.
மீதித் தாள் வெள்ளையாகக் கிடந்தது,
கணப்பு மூட்டாத அறை மாதிரி.

உறைக்குள் போட்டாள். தபால்தலை ஒட்டினாள்.
தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.
கெட்டில் கொதித்தபோது
உறையை ஆவியில் காட்டிப் பிரித்து,
கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பாக,
சின்ன எழுத்தில்:
பட், அந்த அலமாரி என்னுடையது.