ஆன் விகுதி

மீன் ஏற்றாத நாளில்
இன்னாசி ஓட்டும் ஐஸ் வண்டிதான் எங்கள் ஸ்டுடியோ.
தெர்மாகோல் சுவர். கச்சான் காற்று உள்ளே புகாது.
கதவைச் சாத்தினால் நான்கு நிமிடம் பாடலாம்,
பிறகு மூச்சு முட்டும்.
அதனால் எங்கள் பாட்டெல்லாம் மூன்றே முக்கால்.
கேட்பவர்கள் அதை எங்கள் பாணி என்கிறார்கள்.

முதல் மூன்று வருடம்
எல்லாவற்றையும் 'நீ' என்றே எழுதினேன்.
நீ வந்தாய், நீ போனாய்,
என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தாய்.
நீ என்பதற்குப் பால் கிடையாது;
உள்ளே ஓர் ஆளை ஒளித்துவைக்கலாம்,
மெட்டுக்கும் பழுதில்லை.
தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாண வீட்டில் போட்டார்கள்.
மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.
நான் பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்தேன்.

பாட்டு எப்படிப் பரவுகிறது என்று
சென்னையிலிருந்து ஒருவர் போனில் கேட்டார்.
சொல்ல வெட்கமாக இருந்தது:
பாம்பன் செல்போன் கடை நூருல் அமீன்
மெமரி கார்டில் ஐம்பது ரூபாய்க்குப் படம் ஏற்றுவான்,
ஓரத்தில் எங்களையும், காசில்லாமல்.
டோக்கன் வாங்கிப் போகும் லாஞ்சு
டவர் எட்டாத தூரத்துக்கு எங்களைக் கொண்டுபோகும்.
வலை இழுக்கும்வரை
அங்கே வேறு பாட்டு இல்லை.

போன ஆடியில் ஒரு பாட்டில்
'வந்தான்' என்று பாடினேன்.
இந்தக் கட்டைக் குரலில், வந்தான்.
நம்புச்செல்வி டோலக்கை நிறுத்தி
"நல்லா யோசிச்சியா?" என்றாள்.
யோசிச்சா மூச்சு முட்டும், வாசி என்றேன்.

ஒரே வாரத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.
"திருவிழாவுக்கு வேற ஆள் சொல்லியாச்சு தம்பி."
இன்னாசியின் முதலாளி
வண்டியைக் கழுவச் சொன்னார், இரண்டு தடவை;
அழுகிய சூடை ஏற்றியபோதுகூடச் சொல்லாதவர்.
அம்மா மட்டும் பிழை என்று நினைத்தாள்.
"வந்தாள்னுல்ல இருக்கணும்?"
பிழை இல்லம்மா.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்,
கருவாட்டைத் திருப்பிப்போடப் போய்விட்டாள்.
முழுவதையும் திருப்பினாள்,
ஏற்கெனவே திருப்பியதையும்.

தை மாதம் தெரியாத எண்ணிலிருந்து
ஒரு குரல் பதிவு.
கடலில் பேசியது, கரையில் டவர் எட்டியதும் வந்து விழுந்தது.
இன்ஜின் இரைச்சல், கூடை இழுபடும் சத்தம்,
நடுவே ஒருவன் என் வரியைப் பாடுகிறான், சுருதி இல்லாமல்.
"டேய், தாள்னு பாடுடா."
"பாட்டுல தான்னுதான்ணே இருக்கு."
சிரிப்பு. இன்ஜின். அவ்வளவுதான்.
நாற்பது தடவை கேட்டிருப்பேன்.
அவன் தன்னைச் சொன்னானா,
இல்லை, பாட்டு வரிகளில் கறாரான ஆளா,
இன்னும் பிடிபடவில்லை.

இப்போது தடைக்காலம். லாஞ்செல்லாம் கரையில்.
நூருல் அமீன் கடையில் கூட்டம்.
'அந்தத் தான் பாட்டு' என்று கேட்கிறார்களாம்,
மருந்துக் கடையில் மாத்திரை கேட்பதுபோல்,
கல்லாமேல் குனிந்து, மெதுவாக.
இந்த வாரம் ஆறு பேர்.
ஒருவர் சத்தமாகவே கேட்டாராம்.