இடப்பக்கம், மூன்று பலகை

அறுபத்து நான்கில் ஒன்று.
எங்கள் பழைய கணக்கில் கால்வீசம்.
அந்த அளவில் மாலுமி ஓர் அங்குலம்,
அவன் தொங்கும் கயிறு தையல் நூல்.
மரத்தின் ரேகை மட்டும் சுருங்காது.
தும்மலும் சுருங்காது.

பகலெல்லாம் ஹோபார்ட்டில்
முகம் தெரியாதவர்களுக்குப் பல் செய்கிறேன்.
இரவில் அதே குறடு, அதே அரம், அதே பூதக்கண்ணாடி.
ஹுவான் பைன் கீற்றுகளைப்
புட்டுக் குழலில் செருகி ஆவியில் வைத்தால்
பத்து நிமிடத்தில் முரண்டு போய்விடும்.
வங்குகளின் மேல் வளைத்துத்
துணிக் கிளிப் மாட்டி நிறுத்தலாம்.
மறுநாள் புட்டிலும் பைன் வாசம்.
சத்தியசீலன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஏரா வைத்தது மார்ச்சில்.
ஆகஸ்டில், வெல்லிங்டன் மலை வெள்ளையாக நின்ற வாரம்,
கடைசிப் பலகை அணியத்தில் போய் உட்கார்ந்தது.
விரலை ஓட்டிப் பார்த்தேன்.
எங்கும் தடுக்கவில்லை.
எலினோர் மே என்ற மூழ்கிப்போன கப்பல்
என் சமையலறை மேசையில்
கடலில் இறங்கிய நாளைவிட அழகாக இருந்தது.

அதுதான் கோளாறு.

திங்கட்கிழமை டெஸ்மண்ட் அனுப்பிவைத்தான்,
பட்டறைப் பழங்கணக்கில் ஒரு பக்கம்:
1871, மே. இடப்பக்கம், நீர்க்கோட்டுக்கு மேல்,
மூன்று பலகை மாற்றியது. நீலக் கம் மரம்.
தாரும் கூலியும் சேர்த்துப் பதினோரு பவுன்.
காரணம் இல்லை.
பாறையோ, வேறொரு படகோ,
குடித்துவிட்டுச் சுக்கான் பிடித்தவனோ.
எழுதியவனுக்குப் பவுன்தான் கணக்கு.

நான்கு நாள் அந்தத் தாள்
குளிர்பெட்டிக் கதவில் இருந்தது.
"இடப்பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிடு,
யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார்.
நல்ல யோசனை.
ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்தேன்.

முன்பொரு முறை போலீஸ்காரர் ஒருவர்
உறையில் ஒரு தாடையின் படம் கொண்டுவந்தார்.
பத்தொன்பது நல்ல பல்.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
நான் கட்டிய ஒன்று பெயர் சொன்னது.

வெள்ளி இரவு கத்தியை எடுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன் என்றால் பொய்,
அளந்துதான் வெட்டினேன்.
பெவர்லி வீட்டு வேலியில் உடைந்த சிராய், நீலக் கம்,
அரத்தின் பல்லையே தின்றது.
ரேகை கொஞ்சம் பெரிதுதான், கால்வீசத்துக்கு அடங்கவில்லை.
மூன்றாவது பலகை மயிரிழை துருத்தி நிற்கிறது.
தேய்த்துவிடலாம்.
பதினோரு பவுனுக்கு வேலை செய்த கை
அவ்வளவு தேய்த்திருக்காது.

விளக்கை அணைத்தபின்
இன்னொரு தடவை விரலை ஓட்டினேன்.
இருட்டிலும் சொல்லிவிடலாம் இப்போது,
இடப்பக்கம் எதுவென்று.