வெள்ளைப் பக்கம்

பிஎச்பி முதலில் எழும்பும்.
சிங்கப்பூரில் ஏதோ ஒரு குளிரறையில்
நான் கண்டிராத ஓர் இயந்திரத்தில்
வாழைச்சேனை ஐஸ் ஆலையின் இன்றைய பட்டியலை
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசிக்கும்:
எந்தப் படகுக்கு எத்தனை கட்டி,
யார் காசு கட்டியது, யார் நாளைக்கு என்றது.
வாசித்ததை எழுதி அனுப்பிவிட்டுச்
செத்துப்போகும்.
சோகம் ஒன்றும் இல்லை. அதன் வேலை அவ்வளவுதான்.

ஜாவாஸ்கிரிப்ட் அதற்குப் பிறகுதான் கண்விழிக்கும்,
துறைமுகத்தில், செதில் ஒட்டிய ஒரு கைபேசிக்குள்.
தன் வாயில் இந்தச் சொற்களை வைத்தது யாரென்று
அது கேட்பதில்லை.
கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

இரண்டையும் ஒரே கோப்பில்தான் எழுதுகிறேன்
திருமலை வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்.
பாதி வரி இதற்கு, மிச்சப் பாதி அதற்கு.
ஒரே வரிக்குள் தோள் இடிக்க நிற்கும் இரண்டும்
ஒருநாளும் சந்தித்ததில்லை.

"சோத்துக்குள்ள வட்டிலாப்பத்தப் பிசைஞ்ச மாதிரி"
என்பாள் ரிஸ்லியா, காத்தான்குடியிலிருந்து வருபவள்.
தனித்தனிக் கோப்பில் வை என்பாள்.
சரிதான்.
அடுத்த மாதம் என்று நான் சொல்லத் தொடங்கி
இரண்டு வருடம்.

நேற்று இரவு இரண்டு நாற்பதுக்குத் தவநேசண்ணன் எடுத்தார்.
"புள்ள, பேஜ் வெள்ளையாக் கிடக்கு.
பன்னிரண்டு போட் நிக்குது."

என்னிடமும் வெள்ளை.
பிழை என்றுகூட எழுதாத வெள்ளை.
முந்தநாள் ஓடியது, நேற்றும் ஓடியது,
ஒரு புள்ளியும் நான் மாற்றவில்லை.
பட்டியலைத் திறந்தேன்.
கடைசியில் ஒரு புதுப்பெயர்:
பெனடிக்ட் டி'லீமா, பதினாறு கட்டி.
போன கிழமைவரை மற்றவர்களின் எஞ்சின் திருத்தியவர்,
இப்போது சொந்தப் படகு.

ஆங்கிலத்தில் எழுதும்போது அவர் பெயரின் நடுவில்
ஒரு சின்னக் கொக்கி.
பிஎச்பிக்கு அது பெயரில் ஓர் எழுத்து,
ஜாவாஸ்கிரிப்டுக்கு அது பேச்சின் முடிவு.
டி என்றதோடு வாயை மூடிக்கொண்டது.
வெளியே விழுந்து கிடந்த லீமா
என்ன சொல் என்று அதற்கு விளங்கவில்லை,
விளங்காத ஒன்றுக்காக
மற்றப் பதினொரு படகையும் கைவிட்டது.

கொக்கியை அழித்தால் ஐந்து விநாடி வேலை.
விரல் போய்விட்டது அந்த விசைக்கு.

என் அடையாள அட்டையில் நான் தர்மலோஜி.
பெட்டிக்குள் இடம் காணாது என்று
ஒருவர் என் னியை வெட்டிவிட்டார்.
வங்கியில், ஆஸ்பத்திரியில், தபால் கந்தோரில்
இருபத்தொரு வருடமாக
அந்த ஓர் எழுத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

விரலை எடுத்தேன்.

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு
பட்டியலை நானே வாசித்தேன்.
தவநேசண்ணன் பெட்டி மூடிகளில் சோக்கால் எழுதினார்.
அவர் பின்னால் ஐஸ் அரைக்கும் இரைச்சல்,
யாரோ யாரையோ ஏசுவது.
பதினெட்டு நிமிடம்
ஜாவாஸ்கிரிப்டின் வேலையை என் தொண்டை பார்த்தது,
கை பிஎச்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது:
நீ போகுமுன்,
உன் சொல்லை அதன் பேச்சுக்கு ஏற்றபடி கட்டி அனுப்பு.
கொக்கிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போடு.
அதற்கு அர்த்தம்
இது முடிவல்ல, மேலே வாசி.

பக்கம் வந்தது.
பன்னிரண்டு பெயரும், கொக்கியோடு.
அதற்குள் படகுகள் ஐஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டன.

காலையில் ரிஸ்லியா கோப்பைத் திறந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் இரண்டு புதுக் கோப்பு உண்டாக்கினாள்,
இரண்டுக்கும் பெயர் வைக்காமல் என்னைப் பார்த்தாள்.

மத்தியானம் டி'லீமா கடலில் இருந்தே எடுத்தார்.
நன்றி சொல்ல என்று நினைத்தேன்.
ஐஸ் இரண்டு கட்டி குறைவாம்.

பதினாறு என்றுதான் நான் சொன்னேன்.
பதினாலு என்றுதான் தவநேசண்ணனுக்குக் கேட்டிருக்கிறது.