எஸ்.பி.எம்.எல்.

தாஹேர்பாய் மூன்றை எடுத்துக்
கண்ணாடிப் பெட்டி மேல் படுக்க வைத்தார்.
யாருக்கு?
தம்பிக்கு, என்றேன்.
இன்னாசி தலையாட்டினான்,
கண் மட்டும் பிராட்வேயில் தப்பட்டையோடு போன
சினிமா விளம்பர வண்டிக்குப் பின்னால்.

முதல் மானுக்கா?
முதல் மானுக்கு.
அப்படியென்றால் ஒற்றைக் குழல் போதும்,
வாய்வழி கெட்டிக்கிறது.
தோட்டாத் துப்பாக்கி கேட்டால்
கமிஷனர் ஆபீஸில் நாலு ஜோடி செருப்பு தேயும்,
இதற்கு ஒரு ஜோடிதான்.

முதலாவதைத் தரையில் நிறுத்தினால்
இன்னாசியின் நெற்றிக்கு வந்தது.
மருந்து போட முக்காலி தூக்கிக்கொண்டு
காட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டாவதின் கட்டையில் பிளவு.
செம்புக் கம்பி சுற்றியிருந்தார்கள், நெருக்கமாக, பளபளவென்று.
நான் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்
கட்டுப் போடுகிறவள்.
கட்டு இவ்வளவு அழகாக இருந்தால்
அடியில் இருப்பது சின்னக் காயம் இல்லை.

மூன்றாவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.
இடிகம்பியை உள்ளே விட்டேன்,
அடியில் போய் டிங் என்றது.
அதே கம்பியை வெளியே ஒட்டி அளந்தேன். காலி.
எங்கே படித்தாய் இதை, என்றார் பாய்.
வார்டில்.
வெறும் வயிறு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை
நாங்கள் நம்புவதில்லை.

குதிரையைப் பாதி இழுத்தால் ஒரு சொடுக்கு.
பாதியிலேயே நின்றது, கட்டைவிரலால் அழுத்தியும்.
ஊது, என்றேன் இன்னாசியிடம்.
அவன் வாயை வைத்து ஊதினான்.
பின்னால் கேப்பு வைக்கிற துளையில்
என் உள்ளங்கை.
வந்தது மூச்சு, மெலிசாக,
இரும்பு வாடையும் காலையில் தின்ற
பூண்டு ஊறுகாயும்.

போன தையில் ஒரு போர்ட்டரின் தொடையிலிருந்து
பதினோரு ரவை எடுத்தோம்.
பீங்கான் தட்டில் ஒவ்வொன்றாக விழுந்தது.
யாரோ தூரத்தைத் தப்பாகக் கணித்தவன்.
அதனால் கேட்டேன்,
எவ்வளவு கிட்டே போக வேண்டும்?
பாய் வாசலைக் காட்டினார்.
எதிர்ச்சாரி சர்பத் கடை தெரிகிறதா,
அதுவரைக்கும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.
ஒரே வெடிதானே?
ஒரே வெடி. நீங்கள் மறுபடி கெட்டிப்பதற்குள்
மான் தடா தாண்டியிருக்கும்.

நீங்கள் என்றார்.
நான் திருத்தவில்லை.

இன்னாசி தோளில் வைத்தான்.
முழங்கை மடங்கி, மூக்கு கட்டைவிரலில் இடித்தது.
பையன் வளர்ந்துவிட்டான், கட்டை குட்டை, என்றார் பாய்.
கொடுங்கள் என்று வாங்கி
சும்மாதான் என் தோளில் வைத்தேன்.
கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது.
கூரை மூலையில் ஒரு பல்லி.
குழல் அதைவிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையவில்லை,
நான் மூச்சு விடாமல் இருந்த நேரம் முழுக்க.

பாய் பார்த்தார்.
இன்னாசி பார்த்தான்.
பல்லி, பாவம், அதுவும்.

லைசென்ஸ் யார் பேரில்?
அவனுக்குப் பதினேழுதான். என் பேரில்.
பேர் யாருடையதோ அவர் கையில்தான் இருக்க வேண்டும், சட்டம்.
தெரியும், என்றேன்,
கொஞ்சம் அவசரமாகவே.

எண்பது சொன்னார். எழுபத்திரண்டில் நின்றது.
பதினெட்டு மாதம் கட்டிய சீட்டு
ஒரு ரசீதாக மடிந்தது.

பஸ்ஸில் கண்டக்டர்
ஆஸ்பத்திரிப் போர்வையைத் தட்டிப் பார்த்து
என்னம்மா, ஜன்னல் கம்பியா, என்றான்.
ஆமாம்.
லக்கேஜ் ரெண்டணா.

இன்னாசி மின்ட் ஸ்டாப்பிலேயே இறங்கினான்,
மேட்டினிக்கு இன்னும் நேரம் இருந்தது.
படியில் ஒரு காலோடு கேட்டான்,
ஞாயித்துக்கிழமை கூடூர் பாசஞ்சருக்கு
நானும் வரணுமாக்கா?
பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வா.
அப்புறம்?
அப்புறம் எங்கே வேணா போ,
அம்மா கண்ணில் மட்டும் சாயங்காலம் வரை படாதே.
விசிலடித்துக்கொண்டே குதித்தான்.

உட்கார இடமில்லை.
போர்வையோடு பக்கத்தில் நிறுத்தி,
யாரும் பார்க்காதபோது
தலையை லேசாகக் குனிந்தேன்.
சரியாக என் மோவாய்.